இழவு வீட்டுத் தேத்தண்ணி

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்கவைத்தாள். இன்று பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தமிழில் வரும் மனுவைச் சிங்களமாக்குவதும், சிங்களத்தில் வரும் உத்தரவைத் தமிழாக்குவதும், கூட்டங்களில் நடுவில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிக் கொடுப்பதும் இருபது வருடமாக என் வேலை. தொலைபேசியில் பேசினால் என்னைச் சிங்களப் பெண் என்றே நினைப்பார்கள். அதற்காக உள்ளுக்குள் பூரித்துப் போயிருக்கிறேன்.

கோபமும் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர், "இவளுக்கு ரெண்டு பாஷையிலயும் கோவம் வரும், எதுல வந்தாலும் நம்ம ஓடிரணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இத்தனை தெரிந்தவள்தான் பதினாறு குடும்பங்களின் தண்ணீருக்கு உலை வைத்தேன். வேறு யாராவது செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். செய்தது நானாகப் போயிற்று.

எங்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அடுத்த மழையைத் தாங்காது என்று அதிகாரிகள் வந்து பார்த்துச் சொன்னார்கள். அதன்பிறகு பதினாறு குடும்பங்களை ஹாலிஎலப் பக்கம், ஒரு சிங்களக் கிராமத்தின் ஓரத்தில் குடியேற்றினார்கள். அலுவலக வேலைக்கு அருகிலிருக்கும் என்று நானும் அந்தப் பதினாறில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டேன். புது வீடுகள். இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை, அதற்குப் பக்கத்தில் வீட்டுக்குள்ளேயே குளியலறை. லயத்தில் இருந்தவரை குளிக்கவேண்டுமென்றால் வெளியே மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குத்தான் போவோம். இங்கே எங்கள் பெண்கள் குளியலறைக் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் இல்லை. குழாய்த் திட்டம் வரும் வரும் என்றார்கள். அது வருகிற வழியாகத் தெரியவில்லை.

எங்களுக்கு நேர் மேலே இருந்த வீடு ஒரு சிங்களவருடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியும் ஒரே மகனும். அவர் தோட்டத்தில் ஓர் ஊற்று இருந்தது, கோடையிலும் வற்றாது. நாங்கள் குடங்களோடு கீழே ஓடைக்குப் போய் வருவதை ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். எங்கள் ஆண்களும் சேர்ந்து கால்வாய் வெட்ட, குழாய் பதித்து, அவர் வீட்டு வாசலுக்குக் கீழே வளைவில் ஒரு பொதுக்குழாய் வைத்தோம். நன்றி சொல்லப்போனேன். "தண்ணி நான் செஞ்சதா? மேலேயிருந்து வருது, கீழே போகுது" என்றார். இவர்கள் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் தருகிறேன். அதுதானே என் பிழைப்பு.

இரண்டு வருடம் அந்தக் குழாயில்தான் பதினாறு வீட்டு உலையும் கொதித்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. என் வீட்டுக்காரரின் ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர் வண்டியை விட்டு இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். கூடத்தில் உடலை வைத்து, முற்றத்தில் கூடாரம் போட்டுக் கதிரை வரிசை போட்டார்கள். ஊர் திரண்டு வந்தது. எங்கள் ஆட்களும் போகவேண்டும் என்று துடித்தார்கள், ஆனால் சிங்கள வீட்டு மரணத்துக்கு முறையாகப் போய்ப் பழக்கமில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும். பதினாறு வீட்டாரையும் குழாயடியில் நிறுத்திவைத்து வகுப்பெடுத்தேன்.

"சத்தம் போட்டு ஒப்பாரி வைக்கக் கூடாது. கும்பிட்டுட்டு ஒழுங்கா உட்காரணும். பத்து நிமிசம் இருந்துட்டு நான் எழும்புறப்ப எல்லாரும் எழும்பிரணும். மத்ததெல்லாம் நம்ம வழக்கப்படியே. இழவு வீடு எங்கயும் இழவு வீடுதான்."

கடைசியாகச் சொன்னேனே, அந்த வாக்கியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் வழக்கப்படி இழவு வீட்டில் அடுப்பு எரியாது. துக்கம் கேட்கப்போனவர்கள் அங்கே வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்க மாட்டார்கள். கண்விழித்து இருக்கிறவர்களுக்குக்கூடப் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்துதான் தேத்தண்ணி வரும். திரும்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வரவேண்டும். வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வாசற்படி மிதிக்கக் கூடாது. துக்கத்துக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை அது. அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் செய்தோம்.

மகன் ஒரு பெரிய தட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் எடுத்து வந்தான். இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முதல் கதிரையில் இருந்தவள் நான். கையைக் குறுக்கே ஆட்டி வேண்டாம் என்றேன். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். அவன் வரிசை முடியும்வரை தட்டைத் தூக்கிக்கொண்டு போய், நிறைந்த தட்டோடு உள்ளே திரும்பினான். கொஞ்ச நேரத்தில் நான் எழுந்தேன். எல்லோரும் எழுந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் வரிசையாக இறங்கி வந்தோம். அன்று எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? ஒருவர்கூடத் தவறவில்லையே என்று நினைத்தேன்.

இப்போது குளிக்கவேண்டும். குளியலறை வீட்டுக்குள் இருக்கிறது. குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. என்ன செய்வது? வளைவிலிருந்த குழாயடியில் வாளிகளை வைத்து, ஆணும் பெண்ணும் முறை வைத்து, உடுத்திய துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டோம். சரியாக அந்த வீட்டு வாசலுக்குக் கீழே. கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஊர் முழுக்க மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்தது. இறந்தவர் பெயரில் பிக்குகளுக்கும் ஊருக்கும் சோறு போடும் ஏழாம் நாள் தானத்துக்கு ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. மறுநாள் மகன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஆன்டி, ஒரு மாசம் தவணை தர்றேன். உங்க ஆட்கள் வேற இடத்துல தண்ணி பார்த்துக்கட்டும்."

"என்ன தம்பி இது? அப்பா கொடுத்த தண்ணியாச்சே!"

"அதனாலதான் சொல்றேன். அப்பா கொடுத்த தண்ணியிலேயே அப்பாவைக் கழுவி விட்டீங்களே."

சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. எதைச் சொல்கிறான் என்பது மட்டும் புரியவில்லை. புரியாத இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நானோ வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றேன். நான் யார் தெரியுமா, எந்த அலுவலகம் தெரியுமா, தண்ணீரை மறித்தால் சட்டம் என்ன சொல்லும் தெரியுமா என்று அவனுடைய பாஷையிலேயே அவனை விட வேகமாகப் பொரிந்து தள்ளினேன். அவன் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுறீங்க ஆன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி ஒரு மாதம் பொறுத்தான். முப்பதாம் நாள் குழாய் காய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு தண்ணீருக்கு அலைந்தோம். பவுசர் லாரியில் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் ஓடைதான். என் பக்கத்து வீட்டுக்காரி இன்னும் பழைய தோட்டத்துக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறவள். காலையில் மலை ஏறி, மாலையில் திரும்பி, கூடையை இறக்கிய கையோடு இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்குவாள். "நம்ம என்ன பாவங்கா செஞ்சோம்? செத்த வீட்டுக்குப் போனது ஒரு குத்தமா?" என்று கேட்பாள். அலுவலகம் அலுவலகமாகக் கடிதம் எழுதத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றுக்கு மூன்றாக எழுதினேன். கிராம சேவகர் வந்து பார்த்தார். தனியார் காணியில் உள்ள ஊற்று, அவர்களாக மனம் வைத்தால்தான் உண்டு என்று கையை விரித்துவிட்டார்.

இந்த லட்சணத்தில் பதுளையில் ஒரு மண்டபத்தில் நல்லிணக்கப் பயிலரங்கு. மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். வந்த பேச்சாளர் நல்ல மனிதர்தான். "கலாசாரங்களுக்கு இடையே உரையாடல் இருந்தால்தான் எல்லோருக்கும் இடமுள்ள, சமாதானமான சமுதாயம் உருவாகும்" என்று சிங்களத்தில் சொன்னார். நான் அழகாகத் தமிழில் சொன்னேன். திரும்பவும் சொன்னார், திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை.

தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து நின்றவர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி. என் வயதுதான் இருக்கும். பழக்கமுள்ளவர், என்னைச் சீண்டாமல் விடமாட்டார். "என்ன மிஸ், இன்டக்கி உங்கட தமிழ்ல உப்பு குறைஞ்சி ஈக்கிது?" என்றார். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிங்களவன் புத்தி இப்படித்தான் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் இழவுக் கொடிக்கு வெள்ளத் துணி விக்கிறவன் மிஸ். எல்லாச் சாதிக்காரன்ட மையத்து வீட்டுக்கும் போறவன். ஒன்டு கேக்கிறேன். அந்த ஊட்டுல நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"எப்படிக் குடிக்கிறது? இழவு வீடு ஆச்சே."

அவர் தன் கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டார். "யா அல்லாஹ்! ஒருத்தருமா குடிக்கல்ல?"

"ஒருத்தரும் குடிக்கல. நான்தான் சொல்லி வச்சேன்."

"அவங்கட இழவு ஊட்டுல நீட்டுறதத் தள்ளினா, ஒங்கட கையால வாங்க மாட்டேன்டு சொல்ற மாதிரி மிஸ். நானும் மொதல் தடவ அப்படிச் செஞ்சி நல்லா வாங்கிக் கட்டினவன்தான். அதுக்குப் பொறகு எந்த ஊட்டுக்குப் போனாலும் வாசல்லயே ஆரயாவது கேட்டுட்டுத்தான் உள்ளுக்குப் போவேன்."

இடைவேளை முடிந்து மணி அடித்தார்கள். நான் போய் மேடையில் நின்றேன். பேச்சாளர் என்ன பேசினார், நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. நிறைந்த தட்டோடு அந்தப் பையன் உள்ளே திரும்பிப் போனதுதான் கண்ணுக்குள் நின்றது.

அந்தச் சனிக்கிழமை பகலில் மேல்வீட்டுக்குப் போனேன். கடிதமும் கொண்டுபோகவில்லை, துணைக்கு ஆளும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இறந்தவரின் மனைவி, நான் 'அக்கே' என்று கூப்பிடுகிற அந்த அக்கா, முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் "வா நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். அன்று தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மிளகைக் கிளறினார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கே, அன்னைக்கு நாங்க தேத்தண்ணி குடிக்காததைப் பத்திப் பேச வந்திருக்கேன்."

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

பிறகு மடை திறந்துவிட்டது. "என் மகன் தட்டைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு கதிரையா வந்தான். ஒரு கை நீளலையே! எங்க வீட்டுத் தண்ணி ஆகாதுன்னா ரெண்டு வருசமா நீங்க குடிச்சது எந்தத் தண்ணி? ஒரு வார்த்தை சொல்லாம எழும்பிப் போனீங்க. போனவங்க வீட்டுக்காவது போனீங்களா? எங்க வாசலுக்குக் கீழே நின்னு, அவர் கொடுத்த தண்ணியில, எங்க தீட்டைக் கழுவுனீங்க. அவர் உள்ளே படுத்திருந்தார் நங்கி. ஊரே பார்த்துச்சு. 'இவங்களுக்காகவா மண்வெட்டியைத் தூக்கினான்'னு அவரோட அண்ணனே கேட்டார்."

வேறு நாளாக இருந்தால் பாதியிலேயே பாய்ந்திருப்பேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். "என் சொந்த அம்மா செத்தப்பவும் இப்படித்தான் செஞ்சேன் அக்கே. கூடப்பிறந்த அண்ணன் வீடா இருந்தாலும் அந்த வீட்டுல தண்ணி குடிக்க மாட்டோம். வந்து குளிக்காம எங்க வீட்டு வாசப்படி ஏற மாட்டோம். உங்க வீட்டை வேத்து வீடா நினைச்சிருந்தா நான் ஒருத்தி மட்டும் வந்து தலையைக் காட்டிட்டுப் போயிருப்பேன். சொந்தச் சாவா நினைச்சதாலதான் பதினாறு வீடும் வந்து எல்லாத்தையும் செஞ்சோம்."

அவர் மிளகைக் கிளறிய கை நின்றது. "நாங்களும் குளிப்போம்" என்றார்.

"என்ன?"

"இழவு வீட்டுக்குப் போய்வந்தா நாங்களும்தான் குளிப்போம். ஆனா அவங்கவங்க வீட்டுல. இப்படி ஊர் பார்க்க ரோட்டுலயா?"

குளியலறை வீட்டுக்குள் இருப்பதைச் சொன்னேன். உள்ளே போகாமல் குளிக்கமுடியாது, குளிக்காமல் உள்ளே போகமுடியாது என்று நான் கைகளை ஆட்டி விளக்க விளக்க, அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "யார் கட்டின வீடு அது?" என்றார். அரசாங்கம் என்றேன். "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக் கட்டியிருக்கக் கூடாதா?" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "நீ எங்க பாஷையை என் மகனை விட நல்லாப் பேசுற. உனக்கு மட்டும் என்ன? நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

நான் அழுதுவிட்டேன். இருபது வருடமாக இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றவள் ஒரு பக்கத்தையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. "எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன் அக்கே" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அழுகையோடு அழுகையாக இன்னொன்றையும் கக்கிவிட்டேன். எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அவரும் அவர் கணவரும் தூய வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தார்கள். நல்ல காரியத்துக்கு வெள்ளை உடுத்துவது அவர்கள் முறை. எங்களுக்கோ அது தாலி அறுத்தவள் உடுத்துவது. எங்கள் பெண்கள் சமையலறைக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். நானும் பேசினேன். ஒருத்தியும் வெளியே வந்து அவரிடம் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இருந்ததுலயே நல்ல சேலைடி அது!" என்றார்.

பிறகுதான் உட்காரச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். தண்ணீரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"நான் சொன்னா மகன் இன்னைக்கே திறந்து விட்டுருவான். ஆனா உள்ளுக்குள்ள கறுவிக்கிட்டே இருப்பான். அடுத்த மாசம் அவரோட மூணு மாசத் தானம். பதினாறு வீடும் வந்து இங்க உட்கார்ந்து சாப்பிடணும். ஊர் பார்க்கணும். அவன் பார்க்கணும்."

இதற்கு எங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. காய்ந்த குழாயடியில் எல்லோரையும் கூட்டினேன். அழைப்பைச் சொன்னதும் கொழுந்து எடுக்கிற பக்கத்து வீட்டுக்காரி குதித்தாள். "தண்ணிய அடைச்சவன் வீட்டுல சோறா? கேன் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய்க் கிடக்கேன். சூடு சொரணை இருக்கறவ போவாளா அக்கா?"

"தப்பு அவங்களோடது இல்ல" என்றேன். "என்னோடது. தேத்தண்ணி குடிக்காதீங்கன்னு சொன்னது நான். இழவு வீடு எங்கயும் இழவு வீடுதான்னு சொன்னது நான். அங்க எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப எங்க இடுப்ப ஒடிச்சது நீங்கதானா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். ஆனால் வருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "பரவாயில்லடி, இன்னைக்குத்தான் நீ தமிழ்ல பேசுன மாதிரி இருந்துச்சு" என்றார். அவரையும் ஏசினேன்.

தானத்தன்று விடியற்காலையிலேயே நானும் அவரும் மேலே போய்விட்டோம். இதை எங்கே வைக்கவேண்டும், அதை நான் தொடலாமா, பிக்குகள் வரும்போது எங்கே நிற்கவேண்டும் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தேன். வெட்கமாக இல்லை. சொல்லப்போனால் எனக்கு அது பிடித்துவிட்டது. மகன் மட்டும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்க்காரர்கள் வெள்ளை உடுத்தி வந்து சேர்ந்தார்கள். பிக்குகள் வந்தார்கள், உண்டார்கள், இறந்தவருக்காக ஓதினார்கள், புறப்பட்டும் போனார்கள். எங்கள் பாதையில் ஒரு தலையைக் காணவில்லை.

அந்த அக்கா இலைகளை அடுக்குவதுபோல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேராகக் கீழே இறங்கிப் போய் ஒவ்வொருத்தியையும் முடியைப் பிடித்து இழுத்து வரலாமா என்று இருந்தது. "எல்லாருக்கும் பசிக்கும், சோறு போட்டுரலாம் நங்கி" என்றார் அவர். அந்தக் குரலைக் கேட்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. வந்தார்கள், பதினாறு வீடும், குஞ்சு குருமான்களோடு. முன்னால் பக்கத்து வீட்டுக்காரி. தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் தலை ஈரம். ஐயோ, இன்றைக்குமா! வெள்ளை உடுத்திய கூட்டம் முழுக்க அந்த ஈரத் தலைகளையே பார்த்தது.

"ஏன்டி குளிச்சீங்க?" என்று பாய்ந்தேன்.

"குழாய்ல தண்ணி வந்துருச்சுக்கா!" என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. "காலையில யாரோ திறந்து விட்டிருக்காங்க. இத்தன நாளா தலைக்கு ஒழுங்கா ஊத்தல. நல்ல காரியத்துக்கு அழுக்குத் தலையோடயா வர்றது? எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய், குளிச்சு முடிய நேரமாயிருச்சு."

அந்த அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏன் நங்கி, எதுக்காகக் குளிச்சிருக்காங்க?"

கேட்டார். தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளாமல், அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுக் கேட்டார். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஊர் முழுக்கக் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னேன். பயிலரங்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு வந்ததே, அந்தப் பெரிய பெரிய வார்த்தைகளில் ஒரு பொய்யும் இல்லை என்று அந்த முற்றத்தில்தான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். எவ்வளவு பெரிய பகையானாலும், ஏன் செய்தாய் என்று ஒருவர் கேட்டு, இதனால்தான் என்று மற்றவர் சொல்ல முடிந்தால் பாதி தீர்ந்துவிடும்.

தண்ணீரைத் திறந்தது மகன்தான் என்று பிறகு தெரிந்தது. "அவங்க வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். தானம் கொடுக்கிற நாள்ல தண்ணியை அடைச்சு வச்சா உங்கப்பாவுக்கு எந்தப் புண்ணியம் போய்ச் சேரும்?" என்று விடியும் முன்னரே தாய் கேட்டிருக்கிறார். அவன் எழுந்துபோய்த் திறந்து விட்டிருக்கிறான்.

நான் சொல்லி முடித்ததும் அந்த அக்கா மகன் பக்கம் திரும்பினார். "மலைக் காத்து அடிக்குது, இந்தப் பிள்ளைங்களுக்குத் தடிமன் பிடிக்கப் போகுது. பார்த்துக்கிட்டு நிக்கிற! வீட்டுல இருக்கிற துவாயெல்லாம் எடுத்துட்டு வா" என்று அதட்டினார்.

அவன் உள்ளே போய்க் கை நிறைய எடுத்து வந்தான். ஐந்துதான் இருந்தன. ஒன்று அவன் அப்பாவுடையது, பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே எப்போதும் அவர் தோளில் கிடந்த நீலக்கரைத் துவாய். அதைத்தான் முதலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டினான். அவள் வாங்கித் தலையைத் துவட்டிவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் பிள்ளைகளைத் துவட்டி அடுத்தவளிடம் கொடுத்தாள். கை மாறி மாறி அத்தனை பேரையும் சுற்றிவிட்டு அது அவனிடமே திரும்பி வந்தபோது பிழிந்தால் தண்ணீர் ஊற்றும். அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடந்து அவனுக்கு வியர்த்திருந்தது. அந்த ஈரத் துவாயாலேயே முகத்தை அழுத்தித் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று தமிழில் கூப்பிட்டான்.